விவசாய யந்திரங்களால் நேரும் காயங்களும் நஷ்ட ஈட்டுப் பாத்தியதையும்

களத்தில் மாடு கட்டிப் போரடித்த காலத்தில் கைவிரல் இழந்தவர் அரிது. எண்ணெய் எஞ்சினும் மின்சார மோட்டாரும் களத்திற்கு வந்தபின் வேலை விரைவாக முடிகிறது. விரலும் கையும் போவதும் அதனுடனேயே வந்து சேர்ந்தது. இக்காயங்களைத் தலைவிதியென்றோ, ஆளின் அஜாக்கிரதையென்றோ சொல்லி ஜனங்கள் விட்டுவிடுகின்றனர். சட்டம் அவ்வாறு விடுவதில்லை. சங்க அங்கத்தினருள் கூலிக்குச் செல்வோரும் உளர். யந்திரம் வைத்திருப்போரும் உளர். இரு திறத்தாரும் இவ்விஷயத்தை அறிந்திருத்தல் அவசியம்.

கதிரடிக்கும் யந்திரத்தினுள் பற்கள் பொருத்திய உருளை அதிவேகமாகச் சுழல்கிறது. கதிர்க்கட்டின் நுனியை அது பற்றியவுடன் கட்டு முழுவதும் உள்ளே இழுக்கப்படும். கட்டைப் பிடித்த கை விடுபடுவதற்கு நேரமிராது. ஆகையால் கதிர் செலுத்தும் தகட்டு வாய் நீளமாயிருத்தல் வேண்டும். 90 சென்டிமீட்டர், அதாவது இரண்டு முழ நீளம் குறையாமலும், அதில் உருளையையடுத்த ஒரு முழம் மேல்மூடியுடனும் இருக்கவேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணய விதி. விலை மலிவென்று உள்ளூர்ப் பட்டறையில் செய்வித்த யந்திரத்தில் இவ்வாயைக் குறுக்கிவிட்டால் அபாயம் முதல் நாளே தொடங்கிவிடும். இத்தகைய யந்திரங்களைக் கட்டுப்படுத்தவே 1983-ஆம் ஆண்டில் அபாயகரமான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பெற்றது.

மற்றக் காரணங்களும் புதியவையல்ல. ஈரக் கதிர் அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தாமலே கையால் கிளறுகின்றனர். பெல்ட்டு வழுக்கினால், ஓடுகிற பெல்ட்டின்மீதே குங்கிலியப் பொடி தூவுகின்றனர். தோள் துண்டு, சேலை முந்தானை, தளர்ந்த சட்டைக்கை ஆகியவை சக்கரத்தில் சுற்றிக்கொள்கின்றன. வாடகை மணிக்கணக்காகையால் இரவிலும் வேலை நடக்கிறது. தூக்கக் கலக்கத்துடன் மங்கிய விளக்கில் கதிர் கொடுப்பவனை மட்டும் அஜாக்கிரதைக்காரன் என்பது நியாயமன்று. பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடி போடுவதற்கு ஆகும் செலவு ஒரு நாள் வாடகைக்கும் குறைவாகவே இருக்கும்.

இனிச் சட்டத்தைக் கவனிப்போம். தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பெற்று 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. எல்லாக் கூலி வேலைக்கும் அது பொருந்தியதில்லை. அட்டவணையிற் கண்ட வேலைகளுக்கே பொருந்தியது. டிராக்டராலோ, எஞ்சின் அல்லது மின்சாரத்தால் ஓடும் சாதனங்களாலோ செய்யும் விவசாயம் பிற்காலத்தில் அவ்வட்டவணையில் இடம்பெற்றது. தற்காலிகக் கூலியாட்களை விலக்கிவைத்த வாசகம் 2000-இல் நீக்கப்பட்டது. இச்சட்டத்தின் ஏற்பாடுகள் முக்கிய அம்சங்களில் மாறாமல், 2020-இல் இயற்றப்பெற்றுப் பின்னர் 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிற் சேர்ந்துள்ளன.

இதன் முக்கியத் தத்துவம், எஜமான்மீது குற்றம் ரூபிக்க வேண்டியதில்லை என்பதே. வேலையினிமித்தம், வேலை நேரத்தில் காயம் நேர்ந்ததென்பது போதும். குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், காப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றுதல் ஆகிய மூன்றில் ஒன்று காயத்துக்குக் காரணமென்று காட்டினாலன்றி எஜமான் தப்ப இயலாது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அந்த மூன்றும்கூட உதவமாட்டா. சாதாரணக் கவனக்குறைவு எஜமானுக்கு எந்நிலையிலும் சாக்காகாது. ஆளை மற்றொருவருக்குத் தற்காலிகமாக வாடகைக்கோ இரவலாகவோ அனுப்பினால், அவன் அங்கு வேலை செய்யும் வரையில் அம்மற்றொருவரே எஜமானாவார். சங்கத்தின் யந்திரத்தை ஆளுடன் வாடகைக்கு எடுப்போர் இதைக் கருத்தில் வைக்கவேண்டும்.

தொகை எவ்வளவென்பதற்கு ஓர் உதாரணம்: 30 வயதுள்ள ஒருவனுக்கு மாதச் சம்பளம் ரூ. 10,000. கட்டைவிரல் முழுவதும் போயிற்று. சம்பளத்தில் நூற்றுக்கு 60 பங்காகிய ரூ. 6,000-ஐ அவ்வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்கினால் முழு ஊனத்துக்குரிய தொகை ரூ. 12,47,880 ஆகும். கட்டைவிரல் இழப்பு நூற்றுக்கு 30 என அட்டவணை கூறுவதால் அவனுக்குச் சேரவேண்டியது ரூ. 3,74,364.

இத்தொகையையும், ஊரில் வழக்கமாக நடப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். யந்திரக்காரர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து, மேலும் சில ஆயிரம் சேர்த்துக் கொடுப்பார். நாலுபேர் முன்னிலையில் முத்திரைத்தாளில் ‘இனிப் பாக்கியில்லை’ என்று கைநாட்டு வாங்கப்படும். நஷ்ட ஈட்டுப் பாத்தியதையை விட்டுக்கொடுக்கும் அத்தகைய ஒப்பந்தம் செல்லாது. மரணம் நேர்ந்தவிடத்தில் நஷ்ட ஈட்டை அதிகாரியிடமே கட்டவேண்டும். விதவையின் கையில் நேராகக் கொடுத்த பணம், மூன்று மாதச் சம்பளத்துக்கு மேற்படாத முன்பணம் நீங்கலாக, நஷ்ட ஈட்டில் கழியாது. இவ்விதி யந்திரக்காரருக்கும் நன்மையே. தப்பான வழியில் கொடுத்தவர் இருமுறை கொடுக்க நேரிடும்.

காயம் நேர்ந்தவுடன் ஆஸ்பத்திரிக்குச் சென்று, இன்ன யந்திரத்தில் இன்ன வேலையின்போது நேர்ந்ததெனப் பதிவு செய்விக்க வேண்டும். கீழே விழுந்ததாகப் பொய் சொல்லச் சொல்வார் சிலர்; அப்பதிவே பின்னர் மனுவைக் கெடுத்துவிடும். எஜமானுக்குத் தாமதமின்றி எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து, இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்யவேண்டும். எழுதத் தெரியாதவர்க்கு நோட்டீஸ் எழுதிக் கொடுப்பது சங்கக் காரியதரிசிக்கு அரைமணி வேலை.

சொந்தக் களத்தில் தானே கதிர் கொடுத்துக் காயம்பட்ட விவசாயிக்கு எஜமான் இல்லையாகையால் இந்த நஷ்ட ஈடும் இல்லை. அவர் 2015-இல் ஏற்பட்ட பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்திற் சேரலாம். 18 முதல் 70 வயது வரையுள்ள பாங்குக் கணக்குதாரர்களுக்கு உரிய இத்திட்டத்தில், 2022 ஜூன் முதல் ஆண்டுப் பிரீமியம் ரூ. 20. விபத்தில் இறந்தால் ரூ. 2 லட்சமும், ஒரு கையோ காலோ கண்ணோ போனால் ரூ. 1 லட்சமும் கிடைக்கும். விரல் மட்டும் போனால் ஒன்றுமில்லை.

கடன் பாக்கியுள்ள அங்கத்தினருக்கு நஷ்ட ஈடு கிடைத்ததும் சில சங்கங்களின் கண் அதன்மேற் செல்வதுண்டு. நஷ்ட ஈட்டுத் தொகையை ஜப்தி செய்யவும், வேறொருவருக்கு எழுதிவைக்கவும், கடனுக்கு ஈடாக்கவும் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அத்தொகைக்கு எதிராக எந்தப் பாக்கியையும் கழித்துக்கொள்ளவும் கூடாது. தவணையை நீட்டிக்கொடுப்பது பற்றி நிர்வாகக் கமிட்டி தனியே யோசிக்கலாம்.