எந்த மதர்போர்டு வாங்குவது?

பிளஸ் டூ முடிவு வந்து, பொறியியல் கலந்தாய்வும் முடிந்து, கல்லூரி திறக்கும் நாட்களில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் கடைக்குக் கடை ஒரே பேச்சுதான். பையனோ பெண்ணோ போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "இந்த போர்டு இருக்கா அண்ணா?" என்று கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் அப்பா, "இருக்கறதுலயே பெரிசா குடுங்க. நாலு வருஷம் படிப்பு, அப்புறம் வேலைக்கும் இதுதான்" என்பார். கடைக்காரர் ஏன் மறுக்கப்போகிறார்? கண்ணாடிக் கேபினட்டுக்குள் வண்ண விளக்கு எரிய ஒரு மெஷின் வீட்டுக்குப் போகும். திறந்து பார்த்தால் உள்ளே 8 ஜிபி ராம், பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ். பணம் முழுக்க மதர்போர்டில் போயிருக்கும். கொஞ்ச நாளில், "ரொம்ப ஸ்லோ சார்" என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெற்றவர்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

மதர்போர்டு எந்த வேலையையும் வேகமாக்குவதில்லை. ஐ5-12400 பிராசசரை நல்ல நடுத்தர போர்டில் போட்டாலும், அதைப்போல மூன்று மடங்கு விலையுள்ள போர்டில் போட்டாலும், உங்கள் புரோகிராம் கம்பைல் ஆகும் நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது. பிராசசருக்குச் சீரான மின்சாரம் கொடுப்பது, ராம், எஸ்எஸ்டி, கார்டு எல்லாவற்றையும் இணைப்பது, சூட்டிலும் தூசியிலும் வருஷக்கணக்கில் நிற்பது. போர்டின் வேலை இவ்வளவுதான். விலை இதற்காக ஏறினால் கொடுக்கலாம், வேறு எதற்காக ஏறினாலும் யோசிக்க வேண்டும்.

இன்டெல்லா ஏஎம்டியா, எந்தப் பிராசசருக்கு எந்த சாக்கெட், டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ராம் நுழையாது என்பதெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கான எல்ஜிஏ 1700 போர்டுகளையே எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் அதிகம் கேட்டு வருவது அவற்றைத்தான். கடையில் எச்610, பி760, இசட்790 என்று மூன்று சிப்செட்டில் அவை இருக்கும்.

வேர்டு, எக்செல், சி, பைத்தான், ஆன்லைன் வகுப்பு என்றால் எச்610 போதும். ராமுக்கு இரண்டே ஸ்லாட், எம்.2 எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் ஒரே இடம். பிராசசருக்குப் பக்கத்தில் மின்சாரத்தைச் சீராக்கும் விஆர்எம் பகுதியில் பல மாடல்களில் ஹீட்சிங்க் இருக்காது. ஐ3, ஐ5க்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஐ7 போட்டு மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்தால் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பி760ல் நல்ல மாடலாகப் பார்த்தால் நான்கு ராம் ஸ்லாட், இரண்டு எம்.2, விஆர்எம் மேல் உருப்படியான ஹீட்சிங்க் எல்லாம் வந்துவிடும். கம்ப்யூட்டர் சயன்ஸ், மெக்கானிக்கல் டிசைன், விஸ்காம் என எதைப் படித்தாலும் பெரும்பாலான மாணவர்களுக்கு நான் சொல்வது பி760தான்.

இசட்790ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

அந்த வரிசைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் முக்கியமான பங்கு பிராசசரை ஓவர்கிளாக் செய்யும் வசதிக்கு. அந்த வசதி பெயரின் கடைசியில் 'கே' எழுத்து உள்ள பிராசசர்களுக்கு மட்டும்தான் பயன்படும். 12400 போட்டவருக்கு அந்த வசதி பூட்டிய அறை. போன வருஷம் ஒரு மாணவர் கொண்டுவந்த மெஷினைத் திறந்தேன். இசட் போர்டில் நான்கு எம்.2 ஸ்லாட், நான்கும் காலி. பழைய மாதிரி சாட்டா கேபிளில் ஒரு சின்ன எஸ்எஸ்டி தொங்கிக்கொண்டிருந்தது. 8 ஜிபி ராம், அதுவும் ஒரே துண்டு. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தாலே மூச்சு வாங்கியது. இன்னொரு 8 ஜிபியும் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியும் போட்டதும் பறக்க ஆரம்பித்தது. பி760 வாங்கியிருந்தால் மிச்சமாகிற பணத்திலேயே இரண்டும் முதல் நாளே வந்திருக்கும்.

"ஃப்யூச்சர் ப்ரூஃப் சார்" என்று சொல்லி விற்கிறார்களே, அது இந்த போர்டுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 14ஆம் தலைமுறைக்குப் பிறகு மேஜைக் கம்ப்யூட்டருக்கான புதிய தலைமுறை வரவில்லை. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 என்ற வேறு சாக்கெட். எவ்வளவு விலை உயர்ந்த இசட்790 போர்டிலும் அந்தப் பிராசசர் உட்காராது. பத்து வருஷத்துக்குத் தாங்கும் என்று நம்பிப் பணம் கட்டும் அப்பாக்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

"விலை அதிகம்னா பாதுகாப்பும் அதிகம்தானே?" என்றும் கேட்பார்கள். 2024ல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்களில் பல, திடீர் திடீரென்று புரோகிராம்களைக் கிராஷ் ஆக்கிப் பழுதான விவகாரம் நினைவிருக்கலாம். பிராசசருக்குள் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறியதுதான் காரணம் என்று இன்டெல்லே பிறகு சொன்னது, ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோடு திருத்தத்தையும் வெளியிட்டது. விசாரணை நடந்த சமயத்தில், உயர் வரிசை போர்டுகள் பல வேகத்தைக் காட்டுவதற்காகப் பவர் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியே வெளிவந்தன என்பதும் பேச்சானது. இன்டெல்லின் இயல்பு அமைப்புக்கே திரும்பச் சொல்லி பயாஸ் புதுப்பிப்புகள் வந்தன. வாரண்டியும் நம்மூரில் பெரும்பாலும் எல்லா வரிசைக்கும் அதே 3 வருஷம்தான். பெட்டியில் போட்டிருக்கும் "14 ஃபேஸ், 16 ஃபேஸ்" எண்ணிக்கையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஒவ்வொரு ஃபேஸிலும் எந்தத் தரத்து மாஸ்ஃபெட் இருக்கிறது என்பது அந்த எண்ணில் தெரியாது.

'கே' பிராசசர் வாங்கி, நல்ல கூலர் போட்டு, பயாஸுக்குள் உட்கார்ந்து வோல்டேஜைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களுக்கும், ஐந்தாறு எஸ்எஸ்டியும் கேப்சர் கார்டும் ஒரே நேரத்தில் தேவைப்படும் வீடியோ தொழில்காரர்களுக்கும் இசட் சரிதான். முதலாண்டு மாணவருக்கு வேண்டாம். மிச்சமாகும் பணத்தை 16 ஜிபி ராமிலும், பெயருள்ள கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸிலும், ஒரு யுபிஎஸ்ஸிலும் போடுங்கள்.

விலை குறைந்த பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. எச்61 சிப்செட் 2011ல் வந்தது. அதில் இன்றைக்கும் புது போர்டு என்று செய்து, பழைய ஐ5, ஐ7 பிராசசரோடு 'காம்போ'வாக விற்கிறார்கள். 'ஐ7' என்ற பெயருக்காக அதை வாங்காதீர்கள். விண்டோஸ் 11க்கு அந்தப் பிராசசர்கள் தகுதி பெறாது.

நம்பகத்தன்மையைக் கடையிலேயே ஓரளவு கண்ணால் பார்த்துவிடலாம். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் மேல் ஹீட்சிங்க் இருக்கிறதா, அது ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா, வெறும் ஒப்புக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் தரக்குறைவான கெபாசிட்டர்களால் ஏகப்பட்ட போர்டுகள் செத்தன. தலை உப்பி, பழுப்பாகக் கசிந்திருக்கும். இப்போது சாலிட் கெபாசிட்டர்கள் வந்துவிட்டதால் அந்தத் தொல்லை குறைந்துவிட்டது, ஆனால் சூடு இன்னமும் எதிரிதான். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. மே மாதச் சென்னையில் காற்றோட்டமில்லாத கண்ணாடிக் கேபினட்டில் போர்டை அடைத்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதைவிட, என் மேஜைக்கு வரும் செத்த போர்டுகளில் நான் அதிகம் பார்ப்பது மழைக்காலத்து இடியில் கேபிள் வழியாக வந்த மின்சாரத்தால் கருகிய லேன் போர்ட்டும், எர்த் இல்லாத பிளக்கால் போன யுஎஸ்பியும்தான். எந்த விலை போர்டும் அதைத் தாங்காது. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மெஷின் வாங்குங்கள்.

இன்டெல் கணக்கைச் சொல்லிவிட்டேன். என் கைக்காசு போட்டு எனக்கு வாங்கும்போது நான் ஏஎம்டி பக்கம்தான். பி450 போர்டில் ரைசன் 5 2600 போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். சில வருஷம் கழித்து பயாஸை மட்டும் புதுப்பித்து, அதே போர்டில் ரைசன் 5 5600 மாற்றினேன். போர்டு, ராம், கேபினட் எதையும் தொடவில்லை. இப்போதைய ஏஎம்5 சாக்கெட்டுக்கும் 2027 வரையாவது ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. டிடிஆர்5 ராம் விலையைச் சமாளிக்க முடிந்தவர்கள், படிப்பு முடிந்ததும் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், ஒரு நல்ல பி650 போர்டைப் பாருங்கள். ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். ரைசன் 5 5600ல் கிராபிக்ஸ் கிடையாது, பெயரில் 'எஃப்' உள்ள இன்டெல் பிராசசர்களிலும் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ இருக்கும், கேபிள் செருகினால் டிஸ்ப்ளே வராது. "போர்டு டெட்" என்று பயந்துபோய் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் படம் வரும்.

தம்பி, தங்கச்சிகளே, கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் பொறுத்து, உங்களுக்கு எதில் மனசு ஒட்டுகிறது என்று பாருங்கள். கோடு எழுதுவதிலா, படம் வரைவதிலா, சர்க்யூட்டிலா? பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கினான் என்றோ, வீடியோவில் ஒருவர் சொன்னார் என்றோ வாங்கிய மெஷின் உங்கள் வேலைக்கு உதவாது. வாங்க நினைக்கும் போர்டின் மேனுவல் தயாரிப்பாளரின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ராம் பட்டியலையும், எந்த எம்.2வில் எஸ்எஸ்டி போட்டால் எந்த சாட்டா போர்ட் அணைந்துவிடும் என்பதையும் அதில் படியுங்கள். கம்ப்யூட்டரைப் பற்றிய உங்கள் முதல் பாடம் அதுவாகவே இருக்கட்டும். பெற்றோரும் பிள்ளையின் விருப்பத்தை ஒருமுறை உட்காரவைத்துக் கேட்டுவிட்டுப் பையைத் திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போர்டின் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ சர்வீஸ் சென்டர் இல்லாத பிராண்டு வேண்டாம். இன்டெல் சாக்கெட் மேல் மூடியிருக்கும் சின்னக் கறுப்பு பிளாஸ்டிக்கைத் தூக்கி எறியாமல் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். வாரண்டிக்குக் கொண்டுபோகும்போது அதை மூடித்தான் போர்டைக் கொடுக்க வேண்டும். மூடாமல் எடுத்துப்போய் வழியில் பின் வளைந்தால், வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது.