சில நாடுகளின் பள்ளிக்கூடங்கள் ஏன் முன்னுக்கு நிற்கின்றன?

புதிதாக வந்த பெற்றோர் எல்லோரும் கேட்கும் கேள்வி: "எந்தப் பள்ளிக்கூடம் திறம்?" படிப்பில் பெயரெடுத்த பின்லாந்து நாடு இதையே வேறு மாதிரிக் கேட்டது: "எல்லாப் பள்ளிக்கூடத்தையும் திறமாக்குவது எப்படி?"

பீசா என்பது 15 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பு, கணிதம், விஞ்ஞான அறிவைப் பல நாடுகளில் ஒரே விதமாக அளக்கும் பரீட்சை. 2000ஆம் ஆண்டில் இது முதன்முதலாக நடந்தபோது, வாசிப்பில் பின்லாந்து முதலிடத்துக்கு வந்தது. காரணங்கள் என்ன?

1. பிள்ளைகளைப் பிரிக்கவில்லை. முன்பு அங்கே 11 வயதளவில் பிள்ளைகளை இரண்டு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து விடுவார்கள். 1972 முதல் 1977 வரை இதைப் படிப்படியாக மாற்றி, எல்லோருக்கும் 7 வயதில் தொடங்கி ஒன்பது வருடம் ஒரே வகைப் பள்ளி என்றாக்கினார்கள். எங்கட ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்தால் இந்த வித்தியாசம் விளங்கும்.

2. ஆசிரியர் தரம். 1979 முதல் சின்ன வகுப்பு ஆசிரியருக்கும் முதுமாணிப் பட்டம் வேண்டும்.

3. நேரத்தோடு உதவி. ஒரு பிள்ளை வாசிப்பில் தடுமாறினால், பரீட்சையில் தவறும் வரை காத்திருக்காமல் விசேட ஆசிரியர் உதவுவார். அங்கே இது வெட்கப்படும் விஷயமில்லை.

4. பசியில்லாத படிப்பு. 1948 முதல் எல்லா மாணவருக்கும் இலவச மதிய உணவு.

ஆனாலும் எடுத்த பெயர் அப்படியே நிற்காது. பின்லாந்தின் கணிதப் புள்ளி 2006இல் 548, 2022இல் 484. நல்ல முறையையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

இதில் எங்களுக்கு என்ன பாடம்? பெயர்பெற்ற பள்ளி கிடைக்கவில்லையே என்று கவலைப்பட்டுக் கொண்டிருப்பதைவிட, கிடைத்த பள்ளியில் நேரத்தோடு உதவி கேட்பது பெரிது.

இங்கிலாந்தில் 5 முதல் 16 வயது வரையான பிள்ளைகள், அகதி விண்ணப்பம் முடிவாகாவிட்டாலும், அரசாங்கப் பள்ளியில் இலவசமாகப் படிக்கலாம். அகதி விண்ணப்பதாரருக்கான அரச உதவிப்பணம் எடுக்கும் குடும்பம் என்றால் இலவச மதிய உணவுக்கும் விண்ணப்பியுங்கள்.

பிள்ளைக்கு ஆங்கிலம் விளங்கவில்லையா? வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். உங்களுக்கே ஆங்கிலம் கஷ்டம் என்றால், பெற்றோர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டால் பிள்ளையைக் குறைவாக நினைப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். கேட்காமல் விட்டால்தான் பிள்ளை பின்தங்கும்.