அடி விழும் என்று பயந்து வண்டியை எடுத்துவிட்டால்?

கேள்வி: நான் ‘குட்டி யானை’ லோடு வண்டி ஓட்டுகிறேன். “யார் மேலாவது வண்டி பட்டுவிட்டால் நிற்காதே, ஜனங்கள் அடித்தே கொன்றுவிடுவார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு, மீதியை முதலாளியும் வக்கீலும் பார்த்துக்கொள்வார்கள்” என்றுதான் எங்கள் ஸ்டாண்டில் மூத்தவர்கள் சொல்லித்தருகிறார்கள். நிற்காமல் போனால் பத்து வருடம் ஜெயில் என்று புதுச் சட்டம் வந்துவிட்டதாகவும் பேச்சு இருக்கிறது. எது சரி, ஐயா?
– பெயர் வெளியிட விரும்பாத ஓட்டுநர்

பதில்: மூத்தவர்கள் சொல்வதில் முன்பாதியைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. பின்பாதிதான் ஓட்டுநரையும் அடிபட்டவர் குடும்பத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134-ஆம் பிரிவில், விபத்தில் ஒருவர் காயப்பட்டால் ஓட்டுநர் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. அடிபட்டவரைப் பக்கத்து மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டுசேர்க்க வேண்டும். போலீஸ்காரர் கேட்டால் விவரம் சொல்ல வேண்டும். போலீஸ் யாரும் அங்கே இல்லையென்றால், முடிந்த அளவு சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்துக் காவல் நிலையத்தில் நடந்ததைத் தெரிவிக்க வேண்டும். வண்டியின் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தகவல் கொடுக்க வேண்டும். இதில் முதல் கடமைக்கு மட்டும் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தாலோ, தன் கையை மீறிய வேறு காரணத்தாலோ அடிபட்டவருக்கு உதவ முடியாமல் போனால் அது குற்றமாகாது. ஆனால் ஏன் உதவ முடியவில்லை என்பதையும் சேர்த்தே காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்று அதே பிரிவு கேட்கிறது. உயிருக்குப் பயந்து இடத்தை விட்டு விலகியதற்கு மன்னிப்பு உண்டு. விலகிய பிறகு வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் கிடையாது. தவறு உங்கள் மேல் இருக்கிறதா, எதிரே வந்தவர் மேல் இருக்கிறதா என்ற கேள்வியே இந்தக் கடமைக்குள் வராது. ‘நான் சரியாகத்தான் வந்தேன், அவன்தான் குறுக்கே வந்தான்’ என்பவருக்கும் அதே 24 மணி நேரம்தான்.

இந்தக் கடமையை மீறினால் 187-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன் அபராதம் வெறும் 500 ரூபாயாக இருந்தது. நீங்கள் கேள்விப்பட்ட பத்து வருடம், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவில் இருக்கிறது. 2024 ஜனவரித் தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தது இதற்காகத்தான். அந்தச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இந்த உட்பிரிவை மட்டும் மத்திய அரசு அறிவிக்கை மூலம் நிறுத்திவைத்தது. அதைச் சரியாகப் படித்தால் அதுவும் நிற்காமல் போன எல்லாரையும் தண்டிக்கவில்லை. கவனமில்லாமல் ஓட்டி ஓர் உயிரைப் போக்கிவிட்டு, போலீஸ் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ உடனே சொல்லாமல் தப்பிப்போனவரைத்தான் குறிவைக்கிறது. ஓட்டுநர்கள் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘உடனே’ என்றால் எத்தனை மணி நேரம், போனில் சொன்னால் போதுமா என்று அந்த உட்பிரிவு சொல்லவில்லை. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன் இந்த இரண்டையும் எழுத்தில் வைப்பது அரசின் பொறுப்பு. எது எப்படியானாலும், பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டும் ஓட்டுநரிடம் கேட்பது நடந்ததைத் தெரிவி என்பதைத்தான்.

சட்டம் ஏன் இப்படி வற்புறுத்திக் கேட்கிறது? ஸ்டாண்டில் யாரும் பேசாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. 32 வயதுக்காரர் ஒருவர், மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் சுயதொழிலாளி, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு விபத்தில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடித்த வண்டி எதுவென்று தெரிந்தால் குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சர்ளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கின்படி, எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் மாதம் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 14,000. வருடத்துக்கு 1,68,000. அதை அந்த வயதுக்குரிய 16-ஆல் பெருக்கினால் 26,88,000 ரூபாய். ஈமச் செலவு முதலானவை இதற்கு மேல். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்கீழ் அதே குடும்பத்துக்குக் கிடைப்பது 2 லட்சம். இறக்காமல் பலத்த காயத்தோடு பிழைத்தவருக்கு 50,000. 2022 ஏப்ரலுக்கு முன் இதுகூட 25,000, 12,500 என்றுதான் இருந்தது. இரண்டு தொகைக்கும் நடுவே இருக்கும் சுமார் 25 லட்சம் ரூபாய் உங்கள் பையிலிருந்து போக வேண்டியதில்லை. வண்டிக்கு இன்ஷூரன்ஸும் உங்களுக்குச் சரியான லைசென்ஸும் இருந்தால், முதலாளி பையிலிருந்தும் போக வேண்டியதில்லை. அவர் வருடாவருடம் பிரீமியம் கட்டுவதே இன்ஷூரன்ஸ் நிறுவனம் இதைக் கொடுப்பதற்காகத்தான். வண்டி எண்ணைச் சொல்லாமல் மறைப்பவர் தன் காசைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத ஒரு விதவைக்கு வர வேண்டிய பணத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார். மற்ற எல்லாக் காரணங்களையும் விட எனக்கு இதுவே பெரியது.

‘ஸ்டேஷனுக்குப் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே’ என்று கேட்பீர்கள். ஆகாது. இந்த வண்டி, இந்த நேரம், இந்த இடம், ஓட்டியது நான் என்று சொல்வது தகவல். கவனக்குறைவு யாருடையது என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலைக் கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் உண்டு, இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவிலும் உண்டு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20(3) சொல்கிறது. ‘தப்பு என்னுடையதுதான்’ என்று நீங்கள் எழுதிக்கொடுக்கத் தேவையில்லை. கவனக்குறைவால் மரணம் என்ற, பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, ஐந்து வருடம் வரை தண்டனை உள்ளதென்றாலும், ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆனால் முதலாளிகள் சிலர் சொல்லும் இன்னொரு யோசனைக்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லையென்றோ, குடித்திருந்தார் என்றோ, வேறொருவரை ஓட்டுநர் என்று சொல்லி ஸ்டேஷனில் நிறுத்துவது ஆங்காங்கே நடக்கிறது. குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பதும் சாட்சியத்தை அழிப்பதும் அதே சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவில் தனிக் குற்றம். விபத்தாக இருந்தது அப்போது சதியாகிவிடும். ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பதற்கு முன் வண்டியைக் கழுவுவதும் பட்டறையில் விட்டுத் தட்டியெடுப்பதும் இதே சிக்கலில் கொண்டுவிடும்.

‘அகப்பட்டால்தானே? அபராதம் 5,000 தானே?’ என்பவர்களும் உண்டு. டோல்கேட் கேமராவும் ஃபாஸ்டேக் பதிவும் கடைவாசல் கேமராவும் இருக்கிற சாலையில் அகப்படாமல் போவது கடினம். வண்டி எண் கிடைத்தால் ஓட்டியவர் யாரென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்கீழ் போலீஸ் கேட்கும், உரிமையாளர் சொல்லியாக வேண்டும். 1999 ஜனவரியில் டெல்லி லோதி காலனியில் ஆறு பேரின் உயிரைப் போக்கிய கார், சாலையில் சொட்டிய எண்ணெய்த் தடத்தை வைத்தே கண்டுபிடிக்கப்பட்டது. சஞ்சீவ் நந்தா வழக்கு என்று அறியப்படும் அதில் உச்ச நீதிமன்றம் 2012-இல், இது வெறும் கவனக்குறைவு இல்லை, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்றே முடிவு செய்தது. அடிபட்டவர்களுக்கு உதவாமல் போனதையும் கண்டித்தது. ஓடிப்போனதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது, அது உண்மை. ஆனால் சம்பவத்துக்குப் பிறகு ஒருவர் நடந்துகொண்ட விதத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். தவறே செய்யாத ஓட்டுநருக்கும் ஓட்டம்தான் எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நிற்க முடிந்தால் நின்று 108-ஐக் கூப்பிடுங்கள். அடிபட்டவரிடம் பணம் இருக்குமா என்று யோசித்துத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கூட்டம் கைநீட்டத் தொடங்கினால் விலகிவிடுங்கள். ஆனால் விலகியதும் உங்கள் போனிலிருந்தே 108-க்கும் 112-க்கும் சொல்லுங்கள். அந்த அழைப்புப் பதிவே பிறகு உங்களுக்குச் சாட்சி. பிறகு நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள், வீட்டுக்கோ செட்டுக்கோ வேண்டாம். ஏன் நிற்க முடியவில்லை என்பதையும் எழுதிக்கொடுத்து ரசீது வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குப் பாலிசி எண், தேதி, இடம், காயப்பட்டவர் விவரம், உங்கள் லைசென்ஸ் விவரம் எழுதி அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் தாண்டிவிட்டாலும் ஒரு வக்கீலை அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், அவர்களாகத் தேடி வரும்வரை காத்திருக்காதீர்கள். இதெல்லாம் பயன்பட வேண்டுமானால் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். இல்லாத வண்டிக்கு அந்த 26 லட்சத்தையும் முதலாளிதான் கட்ட வேண்டிவரும். உங்கள் குட்டி யானையின் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று அவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.