பள்ளி மறுக்க முடியாது

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்கிறார் டாக்டர். 'வேறு பள்ளி பாருங்கள்' என்கிறது அவன் படிக்கும் தனியார் பள்ளி. என்ன செய்வது?
– ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: அவசரப்பட்டு டி.சி. வாங்கிவிடாதீர்கள், அம்மா. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் மாற்றுத்திறனைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையை ஒதுக்கக் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். பிடிவாதம் பாதி அங்கேயே தளரும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றி ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். உங்களுக்கு அதுதான் பக்கம். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, நீங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க அவனுக்கு உரிமை உண்டு.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைப் பாருங்கள். 'கவனமே இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறான், படம் காட்டினால் உடனே புரிந்துகொள்கிறான்' என்று சொல்லுங்கள். மணிச் சத்தத்துக்குத் தள்ளி இடம், படம் போட்ட கால அட்டவணை என்று உதவி அதிலிருந்துதான் பிறக்கும். அவற்றைப் பள்ளியிடம் கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகும் மறுத்தால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் அந்த நகலை இணைத்துப் புகார் கொடுங்கள்.