கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டும்



நம் காவிரி நாட்டில் பிறந்தவர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூரில் மதகு திறந்தாகிவிடும். கல்லணையிலும் தண்ணீர் பிரிந்துவிடும். தலைமடைக்காரர் நாற்றுவிட்டு நடவும் முடித்திருப்பார். கடைமடைக்காரரோ காய்ந்த வயலின் வரப்பில் நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆற்றில் தண்ணீர் இல்லாமல் இல்லை. நடுவழியில் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. அதற்காகத்தான் நம் முன்னோர் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தண்ணீர் வருமுன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து, தனக்கு உரிய பங்கைத் தூர் வார வேண்டும். ஒருவர் வராவிட்டால் அவர் வயலுக்குக் கீழே உள்ள அத்தனை பேருக்கும் நஷ்டம்.

பிறர் சிநேகமும் அப்படியே. நம் பங்கில் நல்ல மனதுக்குப் பஞ்சமில்லை. கேட்டால் கொடுக்கிறோம். ஆயினும் கொடுத்தது கடைசி வீடுவரை போய்ச் சேருகிறதா? போகாவிட்டால் எங்கே அடைபட்டிருக்கிறது? இதைத்தான் இவ்வாரம் படிக்கப் போகிறோம். வீட்டுத் தலைவர்கள் இதை இரவு ஜெபத்திற்குப்பின் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது நல்லது.

1. ஆதித் திருச்சபையில் ஏற்பட்ட முறைப்பாடு

அப்போஸ்தலர் நடபடி ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் விசுவாசிகள் பெருகிய காலம். கைம்பெண்களுக்குத் தினந்தோறும் உணவு பங்கிட்டார்கள். அதில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு எழுந்தது. உணவு இருந்தது, கொடுக்க மனதும் இருந்தது. ஆனால் ஒரு சாராருக்கு அது போய்ச் சேரவில்லை.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நற்பெயர் பெற்ற ஏழு ஆண்களைத் தெரிந்துகொள்ளச் சொல்லி, அந்த வேலையை அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முடியப்பர், பிலிப்பு முதலான அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய கைம்பெண்கள் விடுபட்டார்களோ, அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிற்று என்று வேதவல்லுநர் பலர் கருதுகின்றனர். எந்தத் தெரு விடுபடுகிறதோ, அந்தத் தெருவின் ஆளுக்குச் சபையில் இடம் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

2. மனம் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும்

1617-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பிரான்ஸ் தேசத்தில் ஷாத்தியோன் என்னும் சிற்றூரில் அர்ச். வின்சென்ட் தே பவுல் பங்குக் குருவாயிருந்தார். ஞாயிறு பூசைக்கு ஆயத்தமாகும்போது ஒரு செய்தி வந்தது: ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் விழுந்து கிடக்கிறார்கள், கவனிக்க ஆள் இல்லை. அவர் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். அன்று பிற்பகல் அவரே அந்த வீட்டுக்குப் புறப்பட்டபோது வழியெல்லாம் ஜனங்கள். கையில் ரொட்டியும் இறைச்சியும். ஒரே நாளில் அவ்வளவும் குவிந்தால் பாதி கெட்டுப்போகும். அடுத்த வாரம் அந்த ஏழைகள் மறுபடியும் பசியோடிருப்பார்கள். நல்ல மனது இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை என்று அவர் கண்டுகொண்டார். சில நாட்களுக்குள் ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கொரு நாள் முறைவைத்து நோயாளிகளைக் கவனிக்க ஒரு சகோதர சபையை ஏற்படுத்தினார்.

இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலை வந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை வந்தவர்களும் அதில் மாண்டார்கள். நாடெங்குமிருந்து லாரி லாரியாக உதவி வந்தது. பழந்துணிகள் எடுப்பாரில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்ததை நாம் கண்ணாலே கண்டோம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும், பெரிய சாலையோரத்து ஊர்களுக்கு முதலிலும் உள்ளே தள்ளிய ஊர்களுக்குப் பிந்தியுமே உதவி போயிற்று. ஒரு வாரத்து இரக்கத்திற்கு ஆள் ஆயிரம். ஆறாம் மாதத்து இரக்கத்திற்கு ஆள் வேண்டுமானால் ஒரு சபை இருந்தாக வேண்டும்.

3. ஏழு பேர் தொடங்கிய சபை

1833 ஏப்ரல் 23. பாரீஸ் நகரில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஏழு பேர் கூடினார்கள். ஆறு பேர் மாணவர்கள். ஏழாமவர் எம்மானுவேல் பேய்யி என்ற மூத்தவர். மாணவர்களில் பிரெடெரிக் ஒசானாம் என்பவருக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. திருச்சபை முற்காலத்தில் நன்மை செய்தது சரி, இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று எதிர்க்கட்சி மாணவர் விவாதத்தில் கேட்டிருந்தார்கள். அதற்குப் பேச்சினால் விடை சொல்ல முடியாது என்று இந்த வாலிபருக்குப் பட்டது. குளிர்காயத் தங்களிடம் மிஞ்சியிருந்த விறகை அவரும் ஒரு நண்பரும் ஓர் ஏழையின் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று சரித்திரம் கூறுகிறது.

அவர்களுக்கு ஏழைகளின் வீட்டு வாசலைக் காட்டியவர் அர்ச். வின்சென்ட் தே பவுலின் பிறர் சிநேகக் கன்னியரில் ஒருவரான ரோசாலி ராந்து சகோதரி. எந்தக் குடும்பத்துக்கு எது தேவை என்பது அவருக்குத் தெரியும். வாலிபர்கள் அவரிடம் பாடம் கற்றார்கள்.

சபை ஓரிரு ஆண்டுகளில் நூறு பேருக்கு மேல் பெருகியது. ஒரே இடத்தில் கூட முடியாமல், பிரிந்து பல கிளைகளாக வேண்டும் என்ற யோசனை வந்தபோது நண்பர்கள் சிலர் மனம் நொந்தார்கள். கடைசியில் 1835-ல் பங்கு வாரியாகப் பிரிந்தார்கள். அதே ஆண்டு சபைக்கு ஒழுங்கு விதிகளும் எழுதப்பட்டன. நண்பர்கள் பிரிய மாட்டோம் என்று இருந்திருந்தால், அது அந்த அறையோடே முடிந்திருக்கும். இன்று அது ஏறத்தாழ 150 நாடுகளில் இருக்கிறது. உறுப்பினர் மிகுந்த நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று. ஒசானாம் 1853-ல் நாற்பது வயதில் மரித்தார்; 1997-ல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் அளிக்கப்பட்டது. ரோசாலி சகோதரிக்கு 2003-ல் அதே பட்டம் கிடைத்தது.

வேறு தேசத்து ஆண்களும் இவ்வழியே நடந்தார்கள். அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில் மைக்கேல் மக்கிவ்னி என்ற குருவானவர், உழைப்பாளிக் கத்தோலிக்கர் இறந்தால் அவர்களுடைய கைம்பெண்களும் பிள்ளைகளும் தெருவில் நிற்கக் கூடாதென்று 1882-ல் கொலம்பஸ் வீரர் சபையை ஏற்படுத்தினார். டப்ளின் நகரில் வின்சென்ட் தே பவுல் சபையில் உழைத்துப் பழகிய பிராங்க் டஃப் என்ற பொதுநிலையினர் 1921-ல் மரியாயின் சேனையைத் தொடங்கினார்.

4. சபை நடக்கும் முறை

முறை மிக எளிது. அங்கத்தினர் குறித்த நாளில் கூடுகிறார்கள், ஜெபிக்கிறார்கள், சிறிது ஞானவாசகம் கேட்கிறார்கள். சென்ற வாரம் யார் எந்த வீட்டுக்குப் போனார், என்ன கண்டார் என்று சொல்கிறார். அடுத்த வாரம் யார் எங்கே போவது என்று முடிவாகிறது. முடிவில் ஒரு பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியலாகாது என்ற நம் ஆண்டவர் போதனைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எது?

இதன் உயிர்நாடி வீடு சந்திப்பு. இருவர் இருவராகப் போக வேண்டும். உள்ளே உட்கார வேண்டும். அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்க வேண்டும். கத்தோலிக்கரா, இந்துவா, முஸ்லிமா என்று கேட்பதில்லை. வீட்டில் கண்டதை வெளியில் சொல்வதில்லை.

5. ஆட்கள் ஏன் குறைகிறார்கள்?

இதை ஒளிக்காமல் பேச வேண்டும். பல பங்குகளில் பட்டியலில் முப்பது பேர், கூட்டத்தில் ஐந்து பேர். அந்த ஐவரும் அறுபது கடந்தவர்கள். காரணம் என்ன?

முதலாவது, சந்தா கொடுத்துப் பெயர் எழுதினால் போதும் என்ற எண்ணம். வாய்க்காலுக்கு வேண்டியது மண்வெட்டி பிடிக்கும் கை. பட்டியலில் உள்ள பெயர் தூர் வாராது.

இரண்டாவது, எல்லா வேலையையும் ஒருவரே செய்வது. தலைவர் கணக்கும் எழுதுவார், அரிசியும் அளப்பார், வீடும் சந்திப்பார். நல்லவர்தான்; ஆனால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்கப் பழகிவிடுகிறார்கள். அவர் படுக்கையில் விழுந்தால் சபையும் விழுந்துவிடும்.

மூன்றாவது, வாலிபருக்கு நாற்காலி தூக்கும் வேலை தவிர வேறு எதுவும் கொடுக்காதது. ஒசானாமுக்கு வயது இருபதே என்பதை மறக்க வேண்டாம்.

நான்காவது, சொல்லவே வெட்கமானது. சில தெருக்களுக்குள் நாம் போவதில்லை. ஒரே நற்கருணை வாங்கி, ஒரே சேசுநாதரை வணங்கி, பிறகு சாதி பார்த்துக் காலைப் பின்னுக்கு இழுக்கிறோம். அரிசிப் பையைத் தெருமுனையில் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்வதற்குப் பிறர் சிநேகம் என்று பெயரில்லை. எருசலேமில் எழுந்த அதே முறைப்பாடு நம் கோவில் வாசலிலும் நிற்கிறது.

ஆதியில் இது ஆண்கள் சபை. 1967 முதல் பெண்களும் அதில் முழு அங்கத்தினர். பல இடங்களில் இன்று பெண்கள்தான் பாரத்தைச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் அதைக் காரணங்காட்டி ஆண்கள் திண்ணையில் உட்காருவது நியாயமல்ல.

6. நம் ஊரில் செய்யத்தக்கது

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. ஆகையால் இக்காலத்து ஏழைக்கு அரிசி மட்டும் தேவையல்ல. சம்பா நடவும் களையெடுப்பும் முடிந்தபின், தை அறுவடை வரை கூலிக்காரருக்கு வேலை மெலிவு. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தபின் கூலி நாட்கள் இன்னும் குறைந்துவிட்டன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் குழுக் கடன் தவணையும், பிள்ளை காய்ச்சலும், கூரை ஒழுகலும் சேர்ந்து வருகின்றன. சபை தன் சேமிப்பை அந்த மாதங்களுக்கென்று ஒதுக்கி வைக்கலாம்.

பணம் இல்லாமலே செய்யத்தக்கவையும் உண்டு. எழுதத் தெரியாத கைம்பெண்ணுக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் கூடப் போகலாம். தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கத் தெரியாமல் நிற்கும் கிழவருக்கு ஒரு நாள் துணையிருக்கலாம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் முதியவரும் ஒருவகை ஏழையே. அவருக்கு அரைமணி நேரம் காது கொடுக்கலாம். சாவு வீட்டில் குழி வெட்ட ஆள் கிடைக்காதபோது கை கொடுக்கலாம்.

புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாளே ஒரு சிறு வேலை கொடுங்கள்: ஒரு வீடு, ஒரு நாள், ஒரு துணை. ஒரு குடும்பத்தின் கவலை ஒருவர் மனதில் ஏறிவிட்டால், அவரைக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைக்க வேண்டியதே இல்லை, அவராகவே வருவார்.

பங்கு மக்களே, சர்வேசுரனுடைய கிருபை ஆற்று வெள்ளம்போல் வந்துகொண்டேயிருக்கிறது. நம் வயலில் நின்றுவிட அது வரவில்லை. நமக்குக் கீழே இன்னொரு வயல் இருக்கிறது. அதற்கும் கீழே இன்னொன்று. நம் பங்குத் தூரை நாம் வாரினால் கடைசி வரப்பில் நிற்பவன் கால் நனையும்.

வீட்டில் கலந்து பேச:

1. எருசலேம் கைம்பெண்களுக்கு உணவு போய்ச் சேராததற்குக் காரணம் என்ன?
2. ஷாத்தியோன் மக்களிடம் இருந்தது எது? இல்லாதது எது?
3. நம் பங்கில் யாரும் நுழையாத வீடு எது? ஏன்?

இவ்வாரத் தீர்மானம்: இந்த ஞாயிற்றுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கும் இடையில், இதுவரை நான் போகாத தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு சகோதரரோடு போவேன், அங்கே உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன்.