கொடுக்கவும் பழகு, வாங்கவும் பழகு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். “எனக்கு மட்டும் எதுவுமே சரியா அமைய மாட்டேங்குது பெரியம்மா” என்று போனில் சொன்னாயே, அதற்கு அவசரத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நல்லதையே நினை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன். அதற்காக ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம். ‘என்னால் முடியாது’ என்று மனம் அடம்பிடிக்கும்போது, ‘இன்றைக்கு இந்த ஒரு வேலையை மட்டும் முடிப்பேன்’ என்று சொல்லிப் பார். செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டால் புலம்பல் தானே அடங்கும். அந்த வேலை இன்னொருவருக்கும் உதவுவதாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்படி ஒரு வேலையாகத்தான் வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்குப் பார்வதிபுரம் என்ற ஊர் மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. சாதி, மதம் கேட்காமல் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு. உயிர்களின் பசியைப் போக்குவதையே கடவுள் வழிபாடாகக் கண்டவர் அவர். தைப்பூசத்துக்கு ஒருமுறை போய்ப் பார். முன்பின் தெரியாதவர்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர் சாம்பார் வாளியைத் தூக்குவார். அதுவரை பரிமாறியவர் அடுத்த பந்தியில் உட்காருவார்.

கொடுப்பது, வாங்குவது என்ற இந்த இரண்டில் உனக்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும். அறைத் தோழிக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாய். உனக்கு முடியவில்லை என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறாய். உன்னைக் கவனித்துக்கொள்ள அவளுக்கும் ஆசை இருக்காதா? அவள் கொடுக்கும் கஞ்சியையும் கூச்சப்படாமல் வாங்கிக் குடி. அக்கறை ஒரு பக்கமாகவே போனால், கொடுக்கிறவள் களைத்துப் போவாள், வாங்குகிறவள் கூசிப் போவாள்.

இரவில் படுக்கப் போகும் முன், அன்று நல்லபடியாக நடந்த ஒன்றை நோட்டில் எழுது. அதற்குத் துணை நின்றவர் பெயரையும் எழுது. மறுநாள் அவரைப் பார்த்து, “நீங்கள் செய்தது எனக்கு ஆறுதலாக இருந்தது” என்று வாய்விட்டுச் சொல்.

இவ்வளவுக்குப் பிறகும் தூக்கமும் சாப்பாடும் பிடிக்காத நிலை இரண்டு வாரத்தைத் தாண்டினால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பார். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று. உன் அம்மாவுக்குப் போன் பண்ணும்போது “நல்லா இருக்கேன்” என்று இரண்டே வார்த்தையில் முடிக்காதே. மனதில் இருப்பதைச் சொல். அவளும் தன் மூட்டுவலியை உன்னிடம் மறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அதையும் கேள். இருவரும் மனம் விட்டுப் பேசினால் இருவர் பாரமும் குறையும்.

அன்புடன்,
உன் பெரியம்மா