பாடம்: மாரி வெள்ளமும் மீன்குஞ்சும்



2006 இல் மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறியவர்களுக்குத் தறப்பாள்தான் வீட்டுக் கூரையாக இருந்தது. ஆகவே பொலித்தீனைப் பழிப்பதற்காக இப்பாடத்தை எழுதவில்லை. தன் வேலை முடிந்தபின் அது எங்கே போகிறது என்பதையே பார்க்கப் போகிறோம்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எமது மாவட்டத்திற்கு வருகிறது. ஒரு கிளை மூதூர்ப் பக்கமாகக் கொட்டியாரக் குடாவில் விழுகிறது; மற்றையது வெருகல் ஆறாகக் கடலை அடைகிறது. மாரியில் கரை மீறும் நீர் தாழ்ந்த புல்நிலங்களில் தேங்குகிறது. அவையே வில்லுகள். 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் கட்டப்பட்ட பின்னர் வெள்ளம் முன்போல் பரவுவதில்லை. எனவே எஞ்சியுள்ள ஒவ்வொரு பள்ளமும் பெறுமதியானது.

விரால் மீனை எடுத்துக்கொள்வோம். புது வெள்ளம் வந்ததும் அது ஆழத்தை விட்டுப் புல் நிறைந்த ஆழமற்ற ஓரத்திற்கு வரும். புல்லை விலக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டை நீரின் மேல் மிதக்கும். தாயும் தந்தையும் காவல் நிற்கும். பின்பு செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் திரிவதை நீங்களே கண்டிருப்பீர்கள். விரால் நீரிலுள்ள காற்றை மட்டும் நம்பி வாழ்வதில்லை. அடிக்கடி மேலே வந்து மூச்செடுக்க வேண்டும்.

இப்போது அந்த ஓரத்தில் வேறு என்ன ஒதுங்குகிறது? வெள்ளம் அள்ளி வரும் குப்பை முழுவதும் கடலுக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வேகம் குறைந்த நீர் அதைப் புல்லிலும் பற்றையிலும் விட்டுச் செல்கிறது. முட்டையிடும் இடமும் குப்பை தங்கும் இடமும் ஒன்றே. மதகில் சொப்பிங் பைகள் அடைத்தால் வில்லுக்கு மீன் ஏறும் வழி மூடிப்போகிறது. கைவிடப்பட்ட தங்கூசி வலை இன்னும் கொடியது. அது உக்காது, ஆளில்லாமலே மீன் பிடிக்கும். அதில் மாட்டிய விரால் மேலே வர முடியாமல், நீருக்குள்ளேயே மூச்சுத்திணறிச் சாகிறது.

வெயிலில் பொலித்தீன் நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத துகளாகிறது. உலகின் பல ஆறுகளில் பிடித்த மீன்களின் குடலில் இத்துகள்கள் காணப்பட்டுள்ளன. பெரிய மீனின் குடலை எறிந்துவிடுகிறோம். சிறுமீனை முழுதாகவே சமைக்கிறோமே!

எமது பங்கையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வரம்பில் கிடக்கும் உரப்பையும் களைநாசினிப் போத்தலும் கொழும்பிலிருந்து வந்து விழவில்லை. விவசாய இரசாயனங்களை பெற், பிவிசி கொள்கலன்களில் அடைப்பது 2021 மார்ச் 31 முதல் தடை. ஆயினும் எந்தப் போத்தலானாலும், வெறுமையானதை மூன்று தடவை அலசி, அந்த நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றுங்கள். வாய்க்காலில் கழுவ வேண்டாம். துளையிட்டு, வேறொன்றுக்கும் பயன்படாமற் செய்யுங்கள். எரிப்பதும் வழியல்ல, பிளாஸ்ரிக்கைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

காலம் முக்கியம். சிறுபோக அறுவடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் சில வாரங்களே உண்டு. நிலம் காய்ந்திருக்கும் அந்நாட்களில் வரம்பு, மதகு, வில்லு ஓரம் ஆகியவற்றைத் துப்புரவாக்கினால், வெள்ளம் எடுத்துச்செல்ல அங்கே குப்பை இராது. மழை தொடங்கிய பின் சேற்றில் இறங்கிப் பொறுக்குவது வீண்வேலை.

கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு: உங்கள் ஊரில் மீன் ஏறும் மதகு எது? அதை யார் துப்புரவு செய்வது? சேர்த்த உரப்பைகளையும் போத்தல்களையும் ஏற்றிச்செல்லப் பிரதேச சபையின் உழவு இயந்திரம் எந்த நாளில் வர முடியும் என்று கேட்டீர்களா?